54 வாட் வாயில் 75 வாட்

கிரிப்டோ மைனிங் ரிக்கில் தீ எங்கே பிறக்கிறது? வாட்டைக் கூட்டிப் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் ஆம்பியர் கணக்கு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஒரு காலத்தில் அது கறுப்பு நிற சாட்டா பவர் கனெக்டர். இப்போது ஒரு பக்கம் மெழுகுபோல வழிந்து, பழுப்பேறி, உள்ளே மறைந்திருக்க வேண்டிய தகடுகள் வெளியே தெரிகின்றன. முகர்ந்தால் இன்றைக்கும் அந்தக் கருகல் வாடை லேசாக வரும்.

அது என் அக்கா மகனின் ரிக்கிலிருந்து எடுத்தது. 2021-இல் ஈதீரியத்தின் நாணயமான ஈத்தர் விலை ஏறிக்கொண்டே போன நாட்கள். மதுரையில் அக்கா வீட்டு மாடி அறையில், ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை அலுமினியச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, இரவு பகலாக ஓடவிட்டிருந்தான். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கரன்ட் போனது. அரை மணி நேரம் கழித்து வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மாடிப்படி வழியாகக் கருகல் வாடை இறங்கியது. முதலில் விழித்தது அக்கா. என்ன ஏது என்று மேலே ஓடாமல், நேராக வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அந்த ஒரு காரியம்தான் வீட்டைக் காப்பாற்றியது.

மறுநாள் நான் போனபோது அவன் ஒரு நோட்டை எடுத்துவந்து காட்டினான்.

"மாமா, கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். ஒரு கார்டு 130 வாட்னு செட் பண்ணியிருக்கேன். ஆறு கார்டு, மதர்போர்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்து 850 தாண்டாது. சப்ளை 1,600 வாட். பாதிதான் ஓடுது. அப்புறம் எப்படி மாமா?"

கூட்டலில் தப்பே இல்லை. தேவைக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் பவர் சப்ளை வாங்கியிருந்தான். இருந்தும் இரவில் பிளாஸ்டிக் உருகியது. அவன் கேட்ட "அப்புறம் எப்படி" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஈத்தர் தோண்டுவதே நின்றுபோன பிறகு இதைப் பேசி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் வலைப்பின்னல் கார்டு மைனிங்கை அடியோடு கைவிட்டது உண்மைதான். பிட்காயினைப் பொறுத்தவரை, 2013-இல் தனிச் சிப் இயந்திரங்கள் வந்தபோதே கார்டுகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஈதீரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று கார்டில் தோண்டும் நாணயங்கள் இன்னும் இருக்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், அன்று ரிக்கில் ஓடிய கார்டுகள் பழைய விலைக்குக் கைமாறி, இன்று வீட்டில் செயற்கை நுண்ணறிவு மாடல் ஓட்டிப் பார்க்கும் மாணவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. 24 ஜி.பி. நினைவகம் இருப்பதால் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டை இரண்டு, நான்கு என்று சேர்த்துக் கட்டுகிறார்கள். கார்டோடு, அதை நிறுத்தும் அதே ரைசர் பலகை, அதே இலவச அடாப்டர், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வந்து சேர்கின்றன. ரிக்கின் பெயர் மாறியிருக்கிறது. கரன்ட் போகும் வழி மாறவில்லை.

வெல்டிங் பட்டறை அளவு கரன்ட்

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். கார்டு கேட்பது 12 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. 1,200 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோக 5 ஆம்பியரைச் சற்றே தாண்டினால் போதும். அதே 1,200 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 100 ஆம்பியர் வேண்டும். கிரில் பட்டறையில் வெல்டிங் ராடில் ஓடுவது ஏறக்குறைய இந்த அளவு கரன்ட்தான். பட்டறையில் அதற்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் வைத்திருப்பார்கள். ரிக்கில் அதே கரன்ட் மெல்லிய மஞ்சள் ஒயர்கள் பலவற்றில் பிரிந்து போகிறது. பவர் சப்ளையில் வழக்கமாக வரும் ஒயரின் செப்புக் குறுக்களவு 0.8 சதுர மில்லிமீட்டர் சொச்சம். நம் வீட்டில் டியூப்லைட்டுக்குப் போடும் 1.5 ஒயரில் ஏறக்குறைய பாதி.

12 வோல்ட் என்றதும் ஷாக் அடிக்காதே என்ற நிம்மதி வந்துவிடுகிறது. ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் சூட்டை உண்டாக்குவது ஆம்பியர். அதுவும் கரன்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானே விளங்கும்.

சரியாகப் பிரிந்து போகும்போது ஒன்றும் ஆவதில்லை. கார்டின் தலையில் செருகும் எட்டு முள் கனெக்டருக்கு 150 வாட் என்று வரையறை. 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். மூன்று மஞ்சள் ஒயர்கள் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்கு 4 ஆம்பியர் சொச்சம். தாராளமாகத் தாங்கும். ஆறு முள் கனெக்டருக்கு 75 வாட். இந்த இரண்டும் கார்டுக்கென்றே வடிவமைத்தவை என்பதால், ஒழுங்காகச் செருகியிருந்தால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஒரே கேபிளின் நுனியில் இரண்டு எட்டு முள் தலைகள் தொங்கும் வகையில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டையும் ஒரே பெரிய கார்டில் செருகினால் 300 வாட்டும் அதே மூன்று ஒயரில்தான் வர வேண்டும். 225 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு என்றால் தலைக்கு ஒரு தனிக் கேபிள் போடுங்கள்.

கார்டு இன்னொரு வழியிலும் கரன்ட் எடுக்கிறது என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

ரைசர் என்னும் இடுக்கு

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் உட்காரும் ஸ்லாட் வழியாகவும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அந்த வழிக்கு உச்ச வரம்பு 75 வாட். 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்று அது பிரிந்து வரும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரே ஒரு கார்டு இருக்கும்போது இதைப் பற்றி யாரும் நினைக்கவே வேண்டாம். ரிக்கில் அப்படியில்லை. ஆறு கார்டுகளை ஒரே போர்டில் நெருக்கி உட்காரவைக்க முடியாததால், ஒவ்வொன்றையும் ரைசர் என்ற சிறிய பலகையில் நிறுத்துகிறோம். ரைசருக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு யு.எஸ்.பி. கேபிள் ஓடும். அதில் போவது தகவல் மட்டும். கார்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்க வேண்டிய 75 வாட்டையும் ரைசருக்கு நாம் தனியாகத்தான் கொடுத்தாக வேண்டும்.

எதன் வழியாகக் கொடுக்கிறோம்? ரைசர் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு குட்டி அடாப்டர் இருக்கும். ஒரு முனையில் ஆறு முள். மறுமுனையில் சாட்டா. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் அதே சாட்டா. பாக்கெட்டோடு வந்ததால் அதுதான் சரியானது என்று நம்பி எல்லோரும் மாட்டிவிடுகிறார்கள்.

சாட்டா பவர் கனெக்டரில் 15 தகடுகள். அவற்றில் 12 வோல்ட்டுக்கு மூன்று. ஒரு தகட்டுக்கு 1.5 ஆம்பியர்தான் வரையறை. மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்டு டிஸ்க்குக்கு இதுவே அதிகம். ரைசர் கேட்கக்கூடியதோ 75 வாட்.

54 வாட் வாயில் 75 வாட் நுழையும்போது கரன்ட் 40 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறுவதால், அந்தத் தகடுகளில் பிறக்கும் சூடு ஏறக்குறைய இரட்டிப்பு. என் அக்கா மகன் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தான். கேபிள் போதவில்லை என்று ஒரு சாட்டா வாயை இரண்டாகப் பிரித்து, இரண்டு ரைசர்களை அதில் மாட்டியிருந்தான். இரண்டும் முழுதாக இழுத்தால் 150 வாட். அப்போது சூடு, அந்தத் தகடுகள் தாங்க வேண்டியதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. 1,600 வாட் சப்ளை வாங்கியும் பயனில்லாமல் போனது இதனால்தான். அணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வயலுக்கு மடை வழியாகத்தான் தண்ணீர் வரும்.

அடாப்டரின் தயாரிப்பு முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒயரைத் தகட்டோடு கடித்து இறுக்கி, கூட்டுக்குள் பூட்டிய வகை ஒன்று. ஒயர்களையும் தகடுகளையும் அச்சில் வைத்து, மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய வகை இன்னொன்று. மலிவாகக் கிடைப்பது இரண்டாவது. 12 வோல்ட் ஒயரும் கிரவுண்டு ஒயரும் உள்ளே எவ்வளவு இடைவெளியில் கிடக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். என் இழுப்பறையில் இருப்பது அந்த வகைதான்.

ஆகவே ரைசருக்கு சாட்டாவைத் தொடவே தொடாதீர்கள். பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரும் ஆறு முள் கேபிளை, ரைசரில் ஆறு முள் வாய் இருந்தால், அப்படியே கொடுங்கள். அதுதான் முதல் தரம். அது முடியாவிட்டால் நான்கு முள் மோலெக்ஸ். அதில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு முள் என்றாலும் உருண்டையான, தடித்த முள். தரமானதாக இருந்தால் 10 ஆம்பியர் வாக்கில் தாங்கும். மோலெக்ஸ் கேபிள் ஒன்றில் நான்கு தலைகள் தொங்குகின்றன என்பதற்காக நான்கு ரைசர்களை மாட்டக் கூடாது. நான்குக்கும் சேர்த்து உள்ளே போவது ஒரே மஞ்சள் ஒயர். ஒரு கேபிளுக்கு இரண்டு ரைசர், அதற்கு மேல் வேண்டாம். சில ரைசர்களில் மோலெக்ஸ், சாட்டா, ஆறு முள் என மூன்று வாய்களும் இருக்கும். மூன்றிலும் மாட்டினால் இன்னும் பலம் என்று நினைக்க வேண்டாம். நல்லதாக ஒன்றை மட்டும் மாட்டுங்கள்.

ஸ்லாட் வழிக் கரன்ட் விளையாட்டான விஷயமில்லை என்பதை உலகத்துக்குக் காட்டிய கார்டு ஒன்று உண்டு. 2016 ஜூன் 29 அன்று ஏ.எம்.டி. நிறுவனம் ரேடியான் ஆர்.எக்ஸ். 480 கார்டை வெளியிட்டது. ஈத்தர் தோண்டியவர்கள் விரும்பி வாங்கிய கார்டு. அதைச் சோதித்தவர்கள், ஸ்லாட்டிலிருந்து வரையறைக்கு மேல் கரன்ட் இழுப்பதைக் கண்டுபிடித்தார்கள். பெரிய சர்ச்சையானது. அடுத்த மாதமே ஏ.எம்.டி. புதிய டிரைவர் மென்பொருள் வெளியிட்டு அதைச் சரிசெய்தது. வன்பொருளில் கைவைக்காமலே இழுவை குறைந்தது. ஒரு கார்டு எங்கிருந்து எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மதுரையில் அந்த இரவில் நடந்ததன் மறுபாதி இதில்தான் இருக்கிறது.

கரன்ட் திரும்பி வந்தபோது

ரிக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கார்டின் வாட்டைக் கட்டிப்போட்டுத்தான் ஓட்டுவார்கள். ஈத்தர் தோண்டிய கணக்கில் நினைவகத்துக்குத்தான் வேலை அதிகமாக இருந்தது, மையச் சிப்புக்குக் குறைவு. எனவே 200 வாட் கார்டான ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ.யை 130 வாட்டில் ஓட்டினாலும் வேகம் குறையவில்லை. நல்ல பழக்கம்தான். கார்டும் நாள் உழைக்கும், கரன்ட் பில்லும் குறையும்.

ஆனால் இந்தக் கட்டு மென்பொருளில் இருக்கிறது. ரிக் அணைந்து எழும்போது அது தானாகத் திரும்ப வரும் என்று எந்த உறுதியும் இல்லை. என்விடியா கார்டில் கட்டளை கொடுத்து வைத்த வாட் வரம்பு, மறுபடி பூட் ஆனால் போய்விடும். அக்கா மகனின் ரிக்கில் கரன்ட் திரும்ப வந்ததும் மைனிங் புரோகிராம் தானே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது. வாட்டைக் குறைக்கும் புரோகிராம் எழவில்லை. ஆறு கார்டுகளும் 130-ஐ விட்டு 200-க்குத் தாவின. பல மாதங்களாக எல்லையை ஒட்டியே ஓடி, நெகிழ்ந்து, கறுத்திருந்த அந்த சாட்டா வாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

ஒயரையும் கனெக்டரையும் நீங்கள் கட்டிப்போட்ட 130-க்குக் கணக்கிடக் கூடாது. கட்டு அவிழ்ந்தால் கார்டு எவ்வளவு இழுக்குமோ அந்த 200-க்குத்தான் கணக்கிட வேண்டும். கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத நம் ஊரில் இது இன்னும் முக்கியம். கரன்ட் வந்ததும் ரிக் தானே எழும்படி பயாஸில் வைத்திருப்பவர்கள், வாட் வரம்பு முதலில் ஏறி, அது ஏறியதை உறுதிசெய்த பிறகே மைனிங் தொடங்கும்படி வரிசையை மாற்றுங்கள். அது தெரியாதென்றால், தானே எழுவதை நிறுத்திவிடுங்கள். காலையில் எழுந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். சில மணி நேர நாணயம் போனால் போகட்டும்.

கனெக்டர் உருகியபோது பவர் சப்ளை ஏன் தானே அணையவில்லை என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. பெரிய சப்ளைகளில் பெரும்பாலானவை 12 வோல்ட் முழுவதையும் ஒரே வழியாக வைத்திருப்பவை. 1,600 வாட் என்றால் 130 ஆம்பியருக்கு மேல். அதன் பாதுகாப்புச் சுற்று அந்த அளவைத் தாண்டினால்தான் விழிக்கும். ஒரு சாட்டா வாயில் 12 ஆம்பியர் ஓடி பிளாஸ்டிக் உருகுவது அதற்குச் சாதாரண வேலை மாதிரிதான் தெரியும். சப்ளை பெரிதாகப் பெரிதாக, சின்ன இடத்துத் தீ அதன் கண்ணில் படுவது குறைகிறது. பெரிதாக வாங்கியதால் பாதுகாப்பு என்று நம்பிய என் அக்கா மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிப்போனது.

முழுக்க உள்ளே போகாத கனெக்டரும் இப்படித்தான். 2022 அக்டோபரில் 450 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் புதிய வகை 16 முள் கனெக்டர் உருகுவதாகப் புகார்கள் வந்தன. நவம்பரில் என்விடியா தன் ஆய்வைச் சொன்னது: உலகம் முழுவதும் சுமார் 50 சம்பவங்கள், கனெக்டரை முழுக்க உள்ளே தள்ளாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்று. ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் தொடும் பரப்பு சுருங்கும். சுருங்கினால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் தகட்டின் ஸ்பிரிங் பிடி தளரும். தளர்ந்தால் மறுபடி தடை கூடும். இந்தச் சுழல் ஒரு நாளில் முடிகிறதா, ஆறு மாதத்தில் முடிகிறதா என்பதுதான் கேள்வி. கேம் விளையாடும் கம்ப்யூட்டர் மாலையில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு ஆறிக்கொள்ளும். ரிக்குக்கு ஆற நேரமே கிடையாது.

இரண்டு சப்ளை போடும்போது

எட்டு கார்டு, பத்து கார்டு என்று போனால் ஒரு சப்ளை போதாது. இங்கே இரண்டு தவறுகள் கார்டையே கொன்றுவிடும்.

முதலாவது, கழற்றி மாட்டும் கேபிள்களை மாற்றிப் போடுவது. கார்டு பக்கம் போகும் முனைக்குத்தான் பொதுவான வரையறை உண்டு. சப்ளை பக்கம் செருகும் முனையில் எந்த முள்ளில் 12 வோல்ட், எதில் கிரவுண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். வாய் பொருந்திவிடும், கரன்ட் தலைகீழாகப் போகும். சுவிட்சைப் போட்ட நொடியில் கார்டு போய்விடும். பழைய ரிக்கை வாங்கும்போது எந்தக் கேபிள் எந்தச் சப்ளையுடையது என்று தெரியாவிட்டால் அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள். மனம் வராதுதான். போடுங்கள்.

இரண்டாவது, ஒரு கார்டுக்கு இரண்டு சப்ளையிலிருந்து கொடுப்பது. கார்டின் தலைக்கு ஒரு சப்ளை, அதன் ரைசருக்கு இன்னொரு சப்ளை என்று போகக் கூடாது. இரண்டும் ஒரே கணத்தில் எழுவதில்லை. 12 வோல்ட் என்றாலும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று மட்டும் உயிரோடிருந்தால் கார்டின் கரன்ட் முழுவதும் அந்த ஒரு வழியாகவே வரப் பார்க்கும். ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சோறும் ஒரே அடுப்பிலிருந்துதான்.

இரண்டு சப்ளைகளையும் ஒன்றாக எழுப்ப ஒரு சிறு இணைப்புப் பலகை கிடைக்கிறது. இரண்டாவது சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் குறுக்கிவைக்கும் பழைய வித்தையும் வேலை செய்யும். ஆனால் அப்போது முதல் சப்ளை பாதுகாப்புக்காக அணைந்தாலும் இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும். பலகையே மேல்.

ரைசர் இல்லாமல் கார்டுகளை நேரடியாகச் செருகும் மைனிங் போர்டுகளிலும் இதே கணக்குதான். மதர்போர்டின் 24 முள் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இரண்டே முட்கள். ஆறு கார்டுகள் ஸ்லாட்டில் தலா 5.5 ஆம்பியர் இழுத்தால் 33 ஆம்பியர். இரண்டு முட்கள் தாங்குமா? 2017-இல் 19 ஸ்லாட்டுகளோடு வந்த ஆசுஸ் நிறுவனத்தின் மைனிங் போர்டில் 24 முள் வாய்கள் மூன்று இருந்தன. போர்டில் கூடுதல் பவர் வாய் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள்.

சுவர்ப் பக்கம்

இனி 230 வோல்ட். இங்கே பாதிக்கப்படுவது ரிக் மட்டும் இல்லை, வீடு.

1,200 வாட் கொடுக்கும் சப்ளை, 90 சதவீதத் திறனில் ஓடினால் சுவரிலிருந்து 1,333 வாட் இழுக்கும். அதாவது 5.8 ஆம்பியர். நம் வீடுகளில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும். 24 மணி நேரமும் தன் உச்ச எல்லையில் நிற்பதற்காக அந்தப் பாயின்ட்டை யாரும் செய்யவில்லை. அதோடு மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கும் ஊர்கள் நிறைய உண்டு. குண்டு பல்பு என்றால் மங்கும், கரன்ட்டும் குறையும். கம்ப்யூட்டர் சப்ளை நேர்மாறு. வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டை எடுக்கக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 190 வோல்ட்டில் அந்த 5.8 ஆம்பியர் 7 ஆம்பியராகிவிடும். ஊருக்கே வோல்டேஜ் இறங்கும் நேரத்தில்தான் உங்கள் பிளக் அதிகம் சுடும்.

ரிக்குக்கு 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், போர்டிலிருந்து தனி வழி, தனி எம்.சி.பி. இதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம். சுவரிலிருந்து சப்ளைக்குப் போகும் பவர் ஒயரையும் பாருங்கள். கம்ப்யூட்டர் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை மெல்லிய 0.75 ஒயர். 1.5 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லா நாட்டு பிளக்கும் நுழையும்படி பெரிய ஓட்டை வைத்திருப்பார்கள். எல்லாம் நுழையும், எதையும் இறுகப் பிடிக்காது. ரிக்கை அதில் மாட்டாதீர்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கு இரண்டு விஷயம். 16 ஆம்பியர் எம்.சி.பி., 16-ஐத் தாண்டியதும் விழாது. வரையறைப்படி 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 23 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது இன்னும் பெரிது: பிளக்கில் லூஸ் கான்டாக்ட் இருந்தால் கரன்ட் கூடுவதே இல்லை. 6 ஆம்பியர் 6 ஆம்பியராகவே ஓடும். பிளக் மட்டும் சுட்டு, மஞ்சளாகி, பழுப்பாகி, உருகும். எம்.சி.பி.க்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கள் தெரு ஒயர்மேன் அண்ணன் எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டரை எடுப்பதற்கு முன் பிளக்கின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். முப்பது வருடப் பழக்கம். எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லும்.

ரிக்கின் சட்டத்தைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் சிறு கசிவுக் கரன்ட்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது உலோகச் சட்டத்தில் தேங்கும். பவர் ஒயரின் மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் பாயின்ட்டில் மாட்டுவது தற்கொலைக்குச் சமம். ரிக்குகள் பல இருந்தால் இந்தக் கசிவுகள் கூடி, கசிவைக் கண்டு விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை அடிக்கடி விழவைக்கும். தொல்லை என்று அதைக் கழற்றிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ரிக்குகளைப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.சி.பி. போடுவதுதான் வழி.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மிரி நகரில், 2021 ஜூலையில் 1,069 பிட்காயின் இயந்திரங்களைப் போலீசார் சாலை உருளையை ஏற்றி நசுக்கிய படம் உலகமெங்கும் ஓடியது. எல்லோரும் அதை வேடிக்கையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு நினைவில் நின்றது போலீசார் கூடவே சொன்ன இன்னொரு செய்தி: மைனிங்குக்காகத் திருட்டுத்தனமாக எடுத்த மின் இணைப்புகளால் அந்த ஆண்டு மூன்று வீடுகள் எரிந்துபோயின. மீட்டரைத் தாண்டி நேரடியாகக் கொக்கி போடுபவர், பில்லோடு சேர்த்து வீட்டுக்கான பாதுகாப்பையும் தாண்டிவிடுகிறார்.

இங்கே திருட்டு இல்லாமலே வேறொரு அழுத்தம் இருக்கிறது. 900 வாட் இழுக்கும் ரிக் இரண்டு மாதத்தில் 1,296 யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் 11 ரூபாயைத் தாண்டுகிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்காகச் செய்த கருவிச் செலவைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. மிச்சம் மெலிந்துபோகும்போது கை எதைச் சுருக்குகிறது? கார்டைச் சுருக்க மனம் வராது. கேபிளையும் பிளக்கையும்தான் சுருக்குகிறோம். லட்சக்கணக்கில் கார்டு வாங்கிவிட்டு இருநூறு ரூபாய் கேபிளில் மிச்சம் பிடிப்பது தவறு என்று நான் உரக்கவே சொல்வேன். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கார்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் அந்த ரிக்கைத் திரும்பக் கட்டினான். ஆறு கார்டு நான்காகக் குறைந்தது. ரைசர் ஒவ்வொன்றுக்கும் சப்ளையிலிருந்து நேராக ஆறு முள் கேபிள். மாடி அறையிலிருந்து கீழ்ப்போர்டு வரை புது 2.5 ஒயர். அணைக்கும் சுவிட்ச் அறைக்கு வெளியே. கதவருகே ஒரு தீயணைப்பான், உலர்பொடி வகை. கூரையில் ஒரு புகை உணரி. திறந்த சட்டத்தில் பல்லி ஏறாமல் சுற்றிலும் கொசுவலைக் கம்பி. 2022 செப்டம்பர் வரை அது ஓடியது. பிறகு அணைத்துவிட்டான்.

உங்கள் வீட்டில் ரிக் இருந்தால், அல்லது உங்கள் பிள்ளையின் அறையில் இருந்தால், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய பிறகு, பிளக்கின் பிளாஸ்டிக் முதுகில் புறங்கையை வையுங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றினால் மெயினை அணைத்துவிடுங்கள். அணைத்த பின் ரைசர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் படர்ந்திருந்தாலோ, கறுப்புப் பிளாஸ்டிக் பளபளத்து வளைந்திருந்தாலோ, அந்தக் கேபிள் இன்றோடு போதும். புகையோ தீயோ கண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் மெயின், பிறகு 101.